நாய என்று எழுதியிருந்தது

எங்கள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஒரு பெண்ணைத் தூக்கினேன். தப்பாகத் தூக்கினேன். தப்பு என்று எல்லோர் முன்னாலும் எழுதினேன். முதல் இரண்டுக்கும் இப்போது என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. மூன்றாவதுக்குத்தான் இன்னும் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். யார் பெயரையும் போடவில்லை. ஊரில் இருப்பவர்களுக்குப் பெயர் தேவையில்லை. வெளியில் இருப்பவர்களுக்கு அந்தப் பெயர்களால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

நான் யட்டியாந்தோட்டை டவுனில் ஒரு பார்மசியில் வேலை செய்கிறேன். பிறந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே காம்பரா என்கிற ஒற்றை அறை வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும். அம்மா, அப்பா இரண்டு பேரும் பால் வெட்டினவர்கள். இன்றைக்கும் வீடு தோட்டத்தில்தான். காலையில் பஸ் பிடித்து வந்து நாள் முழுக்கக் கடையில் சிங்களம் பேசிவிட்டு, சாயந்தரம் வீட்டுக்குப் போய்த் தமிழ் பேசுகிறேன். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. எனக்குச் சிங்களம் தெரியாததால் நடந்த தவறு இல்லை இது.

குழுவை ஆரம்பித்தது நானும் ஒரு வாத்தியாரும். பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எல்லோரும் அவரைச் சேர் என்றுதான் கூப்பிடுவோம். மழைக்காலத்தில் வரும் அறிவித்தல் எல்லாம் முதலில் சிங்களத்தில் வரும். தமிழில் வருவதற்குள் ஆற்றுத் தண்ணீர் பாலத்துக்கு மேலே ஏறியிருக்கும். சில நாள் தமிழில் வரவே வராது. சேரும் நானும் அதைத் தமிழாக்கிப் போடுவோம். எந்தப் பாதை மூடியிருக்கிறது, எந்தப் பள்ளிக்கூடம் இல்லை, ஆஸ்பத்திரியில் என்ன கிளினிக், எந்த வகை இரத்தம் தேவை. சுற்றுவட்டத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் சேர்ந்துகொண்டே போனார்கள்.

ஆட்கள் சேர்ந்தால் குப்பையும் சேரும். காலை வணக்கப் பூப்படம், ராசிபலன், வட்டிக்கடை விளம்பரம், இந்தச் சங்கமா அந்தச் சங்கமா என்று சண்டை. சண்டை வந்தால் கெட்ட வார்த்தை. அப்போதுதான் நான் சட்டம் எழுதினேன். கெட்ட வார்த்தை போட்டால் உடனே வெளியே, விசாரணை கிடையாது. கடைசியில் ஒரு வரி: அட்மின் முடிவே இறுதி முடிவு. அந்த வரியை அடித்து முடித்தபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அதுவரை என் வாழ்க்கையில் இறுதி முடிவு என்று ஒன்றை நான் எடுத்ததே இல்லை. எனக்காக மற்றவர்கள்தான் எடுத்திருந்தார்கள்.

நிறையப் பேரைத் தூக்கினேன். ஒரு பெண்பிள்ளையின் படத்தை அவளுக்குத் தெரியாமல் எடுத்துப் போட்டவனைத் தூக்கினேன். அவன் அம்மாவைக் கடைக்கு அனுப்பினான். அந்த அம்மா அழுதது. நான் அவனை எடுக்கவில்லை, இனியும் எடுக்க மாட்டேன். அதைப் பற்றி எனக்குத் தூக்கம் கெட்டதில்லை. ஆகவே நான் இளகிய மனசுக்காரி என்று நினைத்து யாரும் இதை வாசிக்க வேண்டாம்.

இப்போது அந்தப் பெண்ணைப் பற்றி.

சேர் படிப்பிக்கும் அதே தோட்டத்தில் மேல்கணக்கில் இருந்தாள். தோட்டத்தின் மேல் பிரிவைத்தான் மேல்கணக்கு என்போம். ரப்பர் வெட்டுகிறவள், என்னைவிட நாலைந்து வயது இளையவள். குழுவில் அவள் எழுதுவதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். புள்ளி கிடையாது, கமா கிடையாது. பாதி தமிழ், பாதி சிங்களம், எல்லாம் தமிழ் எழுத்தில். "ஹெட" என்று எழுதுவாள், நாளைக்கு என்று அர்த்தம். "வஹாம" என்பாள், உடனே என்று அர்த்தம். பேச்சில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கலக்கிறோம். எழுத்தில் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. தமிழுக்காக ஆரம்பித்த குழுவில் இப்படி எழுதுகிறாளே என்று.

அது ஒரு காரணம். உண்மையான காரணம் வேறு. ஒருமுறை பள்ளிக்கூட விடுமுறை அறிவித்தலை நான் தப்பாகத் தமிழாக்கிப் போட்டுவிட்டேன். பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு மழையில் போய்ப் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அவள் எல்லோருக்கும் தெரிய எழுதினாள்: "அக்கா நீங்க இத வாசிச்சுட்டா போட்டீங்க". அதற்கு முப்பது பேர் சிரித்தார்கள். நான் அறிவித்தலைத் திருத்தினேன். அவளை மறக்கவில்லை.

அந்த நாள் மூன்றாவது நாளாக மழை. மழை பெய்தால் பால் வெட்ட முடியாது, எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், எல்லோர் கையிலும் போன் இருக்கும். குழு கொதித்துக்கொண்டிருந்தது. கடையிலும் கூட்டம். காய்ச்சல், இருமல், கால்புண். காலை பதினொரு மணியிருக்கும், ஒரு கையால் மாத்திரை எண்ணிக்கொண்டு மறு கையால் போனைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அவளிடமிருந்து ஒரு செய்தி:

"எங்க லயத்துக்கு மேலால நாய போகுது தலைவர் வந்து பாத்துட்டு வாய மூடிட்டு போறார் சேர் இருந்தா வஹாம பதில் போடுங்க"

தலைவர் என்றால் அந்தத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். அவரும் குழுவில் இருக்கிறார். அவளுக்கும் அவருக்கும் தண்ணீர்க் குழாய் விஷயத்தில் ஏற்கெனவே வாய்ச் சண்டை. நான் வாசித்தது இதுதான்: லயத்துக்கு மேலே நாய் போகிறதாம், அது யாரென்றால் தலைவராம். ஒரு மனுஷனை, வயதில் மூத்தவரை, ஊரே பார்க்க நாய் என்கிறாள்.

செய்தியை நீக்கினேன். அவளையும் நீக்கினேன். "கெட்ட வார்த்தைக்கு இங்கே இடமில்லை. யாராக இருந்தாலும் இதுதான்" என்று கீழே எழுதினேன். கட்டைவிரல்கள் வரிசையாக வந்தன. தலைவர் இரண்டு கை கூப்பிய படம் போட்டார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்தால் மற்றது எல்லாம் எழுதிப் பிரயோசனமில்லை. நியாயம் செய்த நிம்மதி இல்லை அது. கணக்குத் தீர்த்த சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தோடு மாத்திரையைத் திரும்ப ஒன்றிலிருந்து எண்ணினேன். அந்த இடத்திலேயே நான் நின்றிருக்க வேண்டும். ஒருவரை வெளியே தள்ளிவிட்டு வாயில் இனிப்பாக இருந்தால், அந்த முடிவைத் திரும்ப எடுத்துப் பார்க்க வேறு எந்தக் காரணமும் தேவையில்லை. அன்று எனக்கு அது தெரியவில்லை.

இரண்டு மணிக்குப் பிறகு அவள் கடைக்கு வந்தாள். குடை இருந்தும் இடுப்புக்குக் கீழே முழுக்க நனைந்திருந்தாள். காலில் செருப்பு இல்லை, முழங்கால் வரை செம்மண். முன்னால் இரண்டு பேர் மருந்துக்கு நின்றார்கள். அவர்களைத் தாண்டி வந்து கவுண்டரில் கையை ஊன்றினாள்.

"நீங்கதானே அட்மின் அக்கா?"

"லைன்ல வாங்க."

"லைன்லதான் இருந்தேன். நீங்கதான் தூக்குனீங்க. என்ன கெட்ட வார்த்த பேசினேன்? சொல்லுங்க பாப்போம்."

"தலைவர நாய்னு எழுதினா தூக்காம?"

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் வரும் என்று நினைத்தேன். வாய் திறந்தபடி நின்றாள்.

"நாயா? நான் எங்க நாய்னு எழுதினேன்? நாய! நா...ய! மல நாய போகுது அக்கா! கந்த நாய யனவா!"

நாய யனவா. மண்சரிவுக்குச் சிங்களத்தில் அப்படித்தான் சொல்வார்கள். இந்தப் பக்கத்தில் ஆறு வயதுப் பிள்ளைக்கும் அந்த வார்த்தை தெரியும். மழைக்காலத்தில் ரேடியோவில், பஸ்ஸில், ஒவ்வொரு நாளும் கேட்கிற வார்த்தை. அரநாயக்கவில் மலை இறங்கி ஊரையே மூடியதற்குப் பிறகு, அந்த வார்த்தையைச் சாதாரணமாகச் சொல்ல எங்கள் ஆட்களுக்கு வாய் வராது. நானும் அதையேதான் சொல்கிறேன். மலை நாய போகுது என்று என் வீட்டிலேயே பேசுவோம். தமிழ் எழுத்தில், அவள் பெயருக்குக் கீழே, தலைவர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பார்த்தபோது மட்டும் அது எனக்கு நாயாகத் தெரிந்தது.

"என்ன நடக்குது அங்க?" என்றேன்.

"குசினிக்குப் பின்னுக்கு வெடிப்பு. நேத்து வெரல் போற அளவு, இன்னைக்குக் கை போகுது. வடிகான்ல தண்ணி சேறா வந்திச்சு, காலையிலயிருந்து தண்ணியே வரல. கடைசி தொங்கக் காம்பரா கதவு சாத்த முடியல, நெல கோணிப் போச்சு. தலைவர் வந்தார், பாத்தார், ஒன்னும் சொல்லாம போய்ட்டார். பத்து காம்பரா அக்கா. பள்ளிக்கூடத்த தொறந்தா எல்லாரையும் கொண்டு போயிடலாம்னு சேருக்குத்தான் அத போட்டேன். சாவி அவர்ட்டதானே இருக்கு."

"போன் பண்ணியிருக்கலாமே."

"எடுக்கல. குரூப்ல போட்டா பாப்பாருன்னு போட்டேன்."

"சரி, இப்ப ஒங்கள திரும்ப சேக்குறேன்" என்று போனை எடுத்தேன்.

"என்னைய சேக்க வேண்டாம்!" கத்தினாள். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். "நான் உள்ள இருந்தா என்ன, வெளிய இருந்தா என்ன? ஒவ்வொரு காம்பராவா போய்க் கதவத் தட்டுறேன். அஞ்சு வீடு சாமான் கட்டிட்டாங்க. மத்த அஞ்சு வீடு என்ன சொல்றாங்க தெரியுமா? அட்மினே அழிச்சிட்டாங்க, அப்ப பொய்தானேங்குறாங்க! போனத் தூக்கிக் காட்டுறாங்க எனக்கு! நீங்க எழுதினதக் காட்டுறாங்க!"

இதைத்தான் நான் யோசித்தே இருக்கவில்லை. ஒரு செய்தியை நீக்கினால் அது இல்லாமல் போய்விடும் என்று நினைத்திருந்தேன். அது போவதில்லை. அட்மின் நீக்கிவிட்டார் என்ற அடையாளம் எல்லோர் போனிலும் நிற்கும். அந்த அடையாளத்துக்கு ஆட்கள் ஒரு அர்த்தம் கொடுத்துக்கொள்வார்கள். நான் கெட்ட வார்த்தை என்று நினைத்து நீக்கினேன். அவர்கள் பொய்ச் செய்தி என்று நினைத்து லயத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

எங்கள் முதலாளி உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வயசான முஸ்லிம் மனுஷர். அதிகம் பேச மாட்டார்.

"மகள், டொக்டர் எழுதின சீட்டு வெளங்காட்டி நீங்க என்ன செய்வீங்க?"

"டொக்டருக்குக் கோல் எடுப்பேன்."

"இவங்களுக்கு எடுத்தீங்களா?"

ஒரு எழுத்து கோணலாக இருந்தாலும் ஊகித்து மருந்து கொடுக்கமாட்டேன், கேட்டுத்தான் கொடுப்பேன். இத்தனை வருஷத்தில் அந்தக் கவுண்டரில் ஒரு தவறு செய்ததில்லை என்று எனக்குப் பெருமை. அதே கவுண்டரில் நின்று, அதே கையால், ஒரு வார்த்தையும் கேட்காமல் அவளைத் தூக்கியிருந்தேன்.

சேருக்கு எடுத்தேன். நல்லவேளை எடுத்தார்.

"சேர், காலையில ஒரு மெசேஜ் அழிச்சேன். அது தப்பு. மேல்கணக்குல மண் சரியுது. பள்ளிக்கூடத்தத் தொறங்க."

"தலைவர் பாத்துட்டு ஒன்னுமில்லன்னு சொன்னாரே."

"தலைவர் என்ன, மண்ணுக்குள்ள போய்ப் பாத்தாரா?"

"தங்கச்சி, பொறுமையா கேளுங்க. அந்தப் புள்ளைய சத்தமில்லாம உள்ள சேத்துருங்க. நெட்வொர்க் பிரச்சினைன்னு சொல்லிக்கலாம். சாவிய நான் மெதுவா ஏற்பாடு பண்றேன்."

"சத்தமில்லாம சேத்தா அஞ்சு வீட்டுக்காரன் எப்படி வெளிய வருவான்? தப்புன்னு குரூப்ல எழுதணும் சேர்."

"எழுதக்கூடாது. நம்ம தூக்கினத நம்மளே தப்புன்னா நாளைக்கு எவன் மதிப்பான்? ஒவ்வொருத்தனும் வந்து என்னையும் சேரு, என்னையும் சேருன்னு நிப்பான். முடிவுன்னா முடிவா இருக்கணும்."

இந்த வார்த்தையை நான் முதலில் கேட்டது போனில் இல்லை. எனக்குப் பத்து வயது இருக்கும்போது பெரட்டுக் களத்தில் கேட்டேன். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம் அது. யாரோ ஒருவர் மரத்தில் ஆழமாக வெட்டிப் பட்டையைக் கெடுத்ததற்கு, என் அப்பாவை வீட்டுக்குப் போ என்று விரட்டினார் கங்காணி. அந்த மரம் அப்பாவின் வரிசையில் இல்லை. அடுத்த நாள் அது விரட்டினவருக்கே தெரிந்துவிட்டது. அப்பா போய்க் கேட்டார். "தெரியும். ஆனா சொன்னது சொன்னதுதான். மாத்தினா நாளைக்கு ஒருத்தனும் பயப்பட மாட்டான்" என்றார் கங்காணி. அப்பா ஒரு வாரம் வீட்டில் உட்கார்ந்திருந்தார். தெரிந்தும் மாற்றாத அந்த மனுஷனை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. அவர் செத்துப்போன பிறகும் மன்னிக்கவில்லை. இப்போது அவருடைய வார்த்தையைச் சேர் பேசுகிறார். அதைவிட மோசம், அந்த வார்த்தையைச் சட்டமாக எழுதி வைத்ததே நான்.

"சேர், நான் எழுதப்போறேன். சாவி ஒங்கட்ட இருக்குன்னும் எழுதப்போறேன். அப்புறம் ஒங்க இஷ்டம்" என்று போனை வைத்தேன்.

அவள் போனிலும் அந்தச் செய்தி அழிந்திருந்தது. காலையில் எழுதினதையே திரும்ப அடித்து எனக்கு அனுப்பச் சொன்னேன். தான் சொல்லச் சொல்ல என்னையே அடிக்கச் சொன்னாள். வேண்டாம், நீங்கள் எழுதினதே வேண்டும் என்றேன். அனுப்பினாள். அதை அப்படியே குழுவில் போட்டேன், புள்ளியில்லாமல், கமா இல்லாமல். அதற்குக் கீழே எழுதினேன்:

"இன்று காலை நான் நீக்கிய செய்தி இது. இதில் கெட்ட வார்த்தை இல்லை. பொய்யும் இல்லை. நாய என்றால் மண்சரிவு. நான் நாய் என்று வாசித்துவிட்டேன். தவறு என்னுடையது, எழுதியவருடையது அல்ல. மேல்கணக்கு லயத்தில் இருப்பவர்கள் உடனே வெளியே வாருங்கள். பள்ளிக்கூடச் சாவி நமது அட்மின் சேரிடம் இருக்கிறது. வாகனம் இருப்பவர்கள் மேலே போங்கள்."

அனுப்பிவிட்டு அவளிடம் காட்டினேன். வாசித்தாள். "ம்" என்றாள். நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? வந்த வேகத்திலேயே போய்விட்டாள். முதலாளி தன் பிள்ளையின் த்ரீவீலரைக் கூப்பிட்டு அவளை மேலே கொண்டுபோய் விடச் சொன்னார்.

பிறகு குழுவில் நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். முதலில் ஒருவன் எழுதினான்: "அப்ப காலையில கும்பிட்டது வேஸ்ட்டா தலைவரே". இன்னொருவன்: "அக்கா, நல்லவேள அவங்க பூனன்னு எழுதல". தலைவர் பேசியே பதிவு பண்ணி அனுப்பினார், அவருக்கு எழுதப் பொறுமை இல்லை. "ஏம்மா, ஒன்னு கேக்குறேன். என்னைய நாய்னு சொன்னது அவளா நீயா?"

நான் எழுதினேன்: "அவங்க சொல்லல தலைவரே. நான்தான் அப்படி வாசிச்சேன்."

எழுதி அனுப்பிய பிறகுதான் என்ன எழுதியிருக்கிறேன் என்று எனக்கே விளங்கியது. நாய் என்று கண்டதும் தலைவர் ஞாபகம் வந்தது எனக்குத்தானே. குழு சிரித்துச் சிரித்துச் செத்தது. அன்றிலிருந்து அவர் டவுனுக்கு வந்தால் எதிர்க் கடையில் மருந்து வாங்குகிறார்.

சிரிப்புக்கு நடுவில் வேலையும் நடந்தது. தோட்டத்து லொறி ஒன்று மேலே போனது. இரண்டு த்ரீவீலர் போனது. நாலு மணிக்குச் சேர் பள்ளிக்கூடத்தைத் திறந்தார். மூஞ்சியை உர்ரென்று வைத்துக்கொண்டு வந்தாராம், யாரிடமும் பேசவில்லையாம். ஆனால் திறந்தார். அதுவரைக்கும் நல்லது. இருட்டுவதற்கு முன்னால் பத்துக் காம்பராவும் காலி.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மண் வந்தது. பெரிய சரிவு என்று சொல்ல முடியாது. குசினிகளை உடைத்துக்கொண்டு வந்து, மூன்று காம்பராவுக்குள் கட்டில் உயரத்துக்கு நிரம்பி நின்றது. அந்த மூன்றில் இரண்டு, முந்தின நாள் போனைத் தூக்கிக் காட்டின வீடுகள். உள்ளே யாரும் இல்லை. இரண்டு ஆடு செத்தது.

நான் ஆட்களைக் காப்பாற்றினேன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். சொல்கிறார்கள், முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். காப்பாற்றியது அவள். நான் மூன்று மணித்தியாலம் குறுக்கே நின்றேன், பிறகு விலகினேன். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் சேரும் நானும் சண்டை பிடித்தோம். "நீங்க செஞ்சது சரிதான், செஞ்ச விதம் சரியில்ல. நம்ம ரெண்டு பேரையும் கோமாளியாக்கிட்டீங்க" என்றார். கோமாளியானது நான் மட்டும்தான், அதுவும் என் கண்ணால் ஆனது என்றேன். இனி ஒவ்வொருவனும் வந்து நிற்பான் என்றார். வரட்டும் என்றேன். வந்தார்கள். வட்டிக்கடைக்காரன் வந்தான், படம் போட்டவனின் அம்மா மறுபடி வந்தது. ஒவ்வொன்றையும் எடுத்து மறுபடி வாசித்தேன். வட்டிக்கடை வட்டிக்கடையாகத்தான் இருந்தது. படம் படமாகத்தான் இருந்தது. முடியாது என்று சொல்லி அனுப்பினேன். இரண்டு பேரை மட்டும் திரும்ப எடுத்தேன். அவர்கள் விஷயத்தில் நான் பாதிதான் வாசித்திருந்தேன். திரும்ப வாசிப்பது வேறு, இளகிப்போவது வேறு. சேருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது. திரும்ப வாசிக்கப் பயப்படுகிறவர் எதற்கு அட்மினாக இருக்க வேண்டும் என்று நான் கேட்டேன். அவர் குழுவை விட்டுப் போய்விட்டார். எனக்கு வருத்தம்தான். அதற்காகக் கேட்டதைத் திரும்ப வாங்கமாட்டேன். அதையும் மறுபடி யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அந்தப் பெண்ணை நான் சேர்த்தபோதெல்லாம் உடனே வெளியேறினாள். மூன்று தடவை. பிறகு மேல்கணக்கு ஆட்கள் இருந்த பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளுக்கான காய்ச்சல் மருந்தோடு போனபோது நேரில் கேட்டேன்.

"ஏன் தங்கச்சி வர மாட்டேங்குறீங்க?"

"வந்தா திரும்பத் தூக்குவீங்க."

"தூக்க மாட்டேன்."

"அத நீங்கதானே சொல்றீங்க? நாளைக்கு ஒங்களுக்குக் கோவம் வந்தா?" ஒரு குழந்தையின் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள். "என்னைய உள்ள எடுக்கணும்னா அட்மினா எடுங்க. நீங்க தப்பா வாசிச்சா நான் வாசிக்கிறேன்."

"நீங்க தப்பா வாசிச்சா?"

"நீங்க இருக்கீங்கதானே. சண்ட புடிங்க."

பக்கத்தில் இருந்த ஒரு கிழவர், "ரெண்டு பேரும் சேந்தா அந்தக் குரூப்ல மனுசன் இருக்கலாமா?" என்றார்.

அட்மின் ஆக்கினேன். பலருக்குப் பிடிக்கவில்லை. எழுதத் தெரியாதவள் என்றார்கள். எழுதத் தெரிந்த நான் என்ன வாசித்தேன் என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால் அந்தப் பேச்சு நீண்ட நாள் ஓடவில்லை.

போன மாதம் அவள் என் செய்தியை நீக்கினாள். ஆற்றுத் தண்ணீர் எங்கள் பாலத்துக்கு ஏறுகிறது என்று எனக்கு வந்த ஒரு காணொளியை நான் போட்டிருந்தேன். அரை மணி நேரத்தில் காணோம். எனக்குத் தலைக்கு மேலே கோபம். உடனே அவளுக்கு எடுத்தேன்.

"என் மெசேஜ ஏன் அழிச்சீங்க?"

"அது பழைய வீடியோ அக்கா. அந்தப் பாலத்துல இப்ப நீலக் கலர் கம்பி போட்டிருக்காங்க. வீடியோல இல்ல."

"திரும்பப் பாருங்க."

"பாத்துட்டேன்."

"ஒங்களுக்கு அனுப்புறேன், நான் சொன்ன பெறகு இன்னொரு தடவ பாருங்க."

போனை வைக்காமல் பார்த்தாள். காணொளி ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது, முழுக்க ஓடியது, பிறகு மறுபடி ஒருமுறை ஓடியது.

"கம்பி இல்ல அக்கா. போட மாட்டேன்."

அவள் சொன்னதுதான் சரியாக இருக்க வேண்டும். இருந்தாலும் அடுத்த நாள் காலை பஸ் அந்தப் பாலத்தைத் தாண்டும்போது நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தேன். நீலக் கம்பிதான்.